மகளுக்கு முதுகுத்தண்டு வளைவு, 28 டிகிரி. பெல்ட் போட்டு அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

நூல்கண்டு, திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம்ங்க. பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லராக இருக்கிறேன். 16 வருசமாகத் துணியோடுதான் பிழைப்பு.

மகளுக்கு 12 வயசு, ஏழாவது படிக்கிறாள். போன தைப்பூசத்துக்குப் பட்டுப் பாவாடை சட்டை தைத்தேன். முதுகில் அளவெடுத்தபோது கழுத்தோரத்திலிருந்து இடுப்பு வரை இடது பக்கம் 13 அங்குலம், வலது பக்கம் 13½. டேப்பைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று மறுபடி எடுத்தேன். அதே அரை அங்குலம். சரி என்று இரண்டு பக்கமும் ஒரே அளவில் தைத்துப் போட்டுப் பார்த்தால், சட்டையின் ஓரம் வலது பக்கம் ஏறி நிற்கிறது. "நேரா நில்லு கண்ணு" என்று அதட்டினேன். "நேராத்தாம்மா நிக்கறேன்" என்றாள். தையலைப் பிரித்து, வலது பக்கம் அரை அங்குலம் இறக்கித் தைத்துக் கொடுத்தேன். சட்டை அழகாக உட்கார்ந்தது. கோயிலுக்குப் போய் வந்துவிட்டோம்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிவிட்டேன். சீயக்காய் தேய்க்கக் குனிந்து உட்கார்ந்தவளின் முதுகைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. வலது பக்க விலா மட்டும் மேடாக எழுந்திருந்தது. நிமிர்ந்தால் அவ்வளவு தெரியவில்லை, குனிந்தால் தெரிகிறது.

சொந்தக்காரர் சொன்ன ஓர் இடத்தில் எண்ணெய் தேய்த்து இழுத்துவிட்டார்கள். "மூணு மாசத்துல நேராயிரும்" என்றார்கள், நம்பினேன். மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது எக்ஸ்ரேயில் 28 டிகிரி. டாக்டர் 'ஸ்கோலியோசிஸ்' என்றார். ரிஸ்ஸர் 0 என்று எழுதியிருக்கிறார். ஒரு நாளைக்கு 18 மணி நேரம் பெல்ட் போடச் சொல்கிறார், உடம்பைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் கூடு மாதிரி இருக்கிறது.

பிள்ளை இன்னும் வயசுக்கு வரவில்லை. அவள் அப்பத்தா, "நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போற புள்ளைக்கு நெஞ்சுல கவசமா? நாலு சனம் என்ன பேசும்?" என்று ஒரே அழுகை. வீட்டுக்காரர் டாக்டர் சொன்னபடி செய்யலாம் என்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது மூன்றுதான். பெல்ட் போட்டால் நேராகுமா? போடாவிட்டால் என்ன ஆகும்? நான் ஏதாவது தப்புச் செய்து இது வந்ததா?

பவானிக்கரை, ஈரோடு

அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட். முதுகுத்தண்டு நோயாளிகளோடு 11 வருசமாக வேலை செய்கிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. தூக்கி வளர்த்த விதம், படுக்க வைத்த விதம், சாப்பாடு, இவை எதனாலும் இது வருவதில்லை. இந்த வயதில் வரும் வளைவுகளில் 80 சதவீதத்துக்குத் திட்டவட்டமான காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. மரபணுவுக்குப் பங்கு உண்டு, சில குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது. வீட்டில் தங்கை இருந்தால் அவள் முதுகையும் பாருங்கள்.

நம் முதுகெலும்பைப் பக்கவாட்டில் பார்த்தால் வளைந்துதான் இருக்கும். கழுத்தில் உள்வாங்கி, நெஞ்சுப் பகுதியில் பின்னால் புடைத்து, இடுப்பில் மறுபடி உள்வாங்கும். அது இயல்பு, அந்த வளைவு இருந்தால்தான் சுமை தாங்க முடியும். நெஞ்சுப் பகுதியில் வளைவு 20 முதல் 40 டிகிரி வரை இருப்பது சாதாரணம். அதற்கு ரொம்ப மேலே போனால்தான் கூன் என்கிறோம், மருத்துவத்தில் கைபோசிஸ். உங்கள் மகளுக்கு இருப்பது வேறு. பின்னாலிருந்து பார்த்தால் நேர்கோடாகத் தெரிய வேண்டியது பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் 10 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால் ஸ்கோலியோசிஸ் என்று பெயர்.

அந்த டிகிரி கணக்கு ஜான் காப் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1948-ல் சொன்னது. வளைவின் மேல்முனையில் அதிகமாகச் சாய்ந்திருக்கும் எலும்பின் மேல்விளிம்பில் ஒரு கோடு, கீழ்முனையில் அதிகமாகச் சாய்ந்ததன் கீழ்விளிம்பில் ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் கோணம்தான் உங்கள் 28.

ஆனால் அந்தக் கோணம் பாதிக் கதைதான். கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முறுக்கு மிஞ்சினால் கயிறு நேராக நிற்காமல் பக்கவாட்டில் சுருண்டுகொள்ளும் அல்லவா? இதிலும் வளைவும் முறுக்கும் சேர்ந்தே வரும். எலும்புகள் தம் அச்சில் திரும்பும்போது அவற்றோடு இணைந்த விலா எலும்புகளும் திரும்புகின்றன. ஒரு பக்கம் பின்னால் தள்ளுகிறது. குனிந்தபோது நீங்கள் பார்த்த மேடு அதுதான். வலது பக்கம் அரை அங்குலம் கூடுதலாக வந்ததும் அதனால்தான். உங்கள் டேப் பொய் சொல்லவில்லை.

குனிய வைத்துப் பார்ப்பது 1865-ல் வில்லியம் ஆடம்ஸ் சொன்ன சோதனை. இன்றும் முதல் சோதனை அதுவேதான். தலைக்கு ஊற்றும்போது நீங்கள் செய்தது அதுதான்.

இப்போது பெல்ட். 28 டிகிரியை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி இருக்கிறது என்பதுதான் முக்கியம். ரிஸ்ஸர் என்பது இடுப்பு எலும்பின் மேல்விளிம்பில் எலும்பு முற்றுவதை 0 முதல் 5 வரை கணக்கிடுவது. 0 என்றால் வளர்ச்சி நிறைய மிச்சம். பெண் பிள்ளைகள் வயசுக்கு வருவதற்குச் சற்று முன்புதான் மிக வேகமாக உயரம் போடுவார்கள், வளைவும் அதே வேகத்தில் ஓடும். 1984-ல் வந்த ஓர் ஆய்வில், 20 முதல் 29 டிகிரி வளைவும் ரிஸ்ஸர் 0 அல்லது 1-ம் இருந்த பிள்ளைகளில் 100-க்கு 68 பேருக்கு வளைவு கூடியிருந்தது. அதே டிகிரி, ரிஸ்ஸர் 2 முதல் 4 வரை இருந்தவர்களில் 23 பேருக்குத்தான்.

அதனால் வளரும் பிள்ளைக்கு 25-க்கு மேல் 40, 45 வரை பெல்ட், 45, 50-ஐத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு. 25-க்குக் கீழே என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்பது. பொதுவான வழி இது.

பெல்ட் நேராக்குமா என்றால், நேராக்குவதற்காகப் போடுவது அல்ல, கூடாமல் நிறுத்துவதற்காகப் போடுவது. இதைப் புரிந்துகொள்ளாமல் போட்டவர்கள் ஒரு வருசம் கழித்து "அதே 28தான் இருக்கு, பிரயோஜனமில்லை" என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். 28, 28-ஆகவே நின்றால் அதுதான் வெற்றி.

சென்னிமலைக்காரன்

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பிசியோ தம்பி சொன்னதில் ஒன்றை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணம் தெரியவில்லை என்கிறீர்கள். கண்ணெதிரே இருக்கிறதே! பிள்ளைகள் ஒரு தோளில் மாட்டிக்கொண்டு போகும் புத்தகப் பையை நான் தூக்கிப் பார்த்திருக்கிறேன், என் கையே வலிக்கும். நாள் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுதுகிறார்கள், இரவில் செல்போனைப் பார்த்துக் குனிந்தே கிடக்கிறார்கள். முதுகு வளையாமல் என்ன செய்யும்?

பவானிக்கரை, ஈரோடு

ஐயா, பை கனமாக இருப்பது தப்புதான். 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த பள்ளிப் பைக் கொள்கையே குழந்தையின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் பை இருக்கக் கூடாது என்கிறது. தோள் வலி, கழுத்து வலி, முதுகு வலி எல்லாம் அதனால் வரும். ஆனால் எலும்பு முறுக்கிக்கொள்ளும் இந்த வளைவு பையால் வருவதில்லை. ஒரே பள்ளியில் ஒரே கனத்தைச் சுமக்கும் 100 பிள்ளைகளில் 2, 3 பேருக்குத்தான் வருகிறது. சின்ன வளைவு ஆண், பெண் இருவரிடமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். பெரிதாகிச் சிகிச்சைக்கு வருவது மட்டும் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். பைதான் காரணம் என்றால் அப்படி இருக்காது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பை என்று நம்பும் பெற்றோர் பையை மாற்றிவிட்டு ஒரு வருசம் காத்திருப்பார்கள். உட்காரும் விதம் என்று நம்புபவர்கள் பிள்ளையை நாள் முழுக்க அதட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டிலும் போவது வளர்ச்சிக் காலம்.

சென்னிமலைக்காரன்

அதட்டுவது என்றதும் ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன், நல்ல உயரம், மேல்முதுகு உருண்டு போயிருக்கும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் "நெஞ்சை நிமித்துடா" என்று முதுகில் தட்டியிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருசம் முழுக்க. அவன் முயற்சி செய்வான், முடியாது, தலையைக் குனிந்துகொள்வான். அதுவும் இப்படி ஒன்றாக இருந்திருக்குமா?

பவானிக்கரை, ஈரோடு

பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதுங்க ஐயா. ஆனால் நிமிரச் சொன்னால் நிமிர முடிகிற கூன் வேறு, முயன்றாலும் நிமிராத விறைப்பான கூன் வேறு. இரண்டாவது வகை வளரும் பையன்களிடம் நிறைய உண்டு. டென்மார்க் மருத்துவர் ஷூயர்மன் 1920-ல் விவரித்தார். எலும்புக் கட்டைகள் முன்பக்கம் உயரம் குறைந்து ஆப்பு மாதிரி ஆகிவிடும், அடுத்தடுத்து மூன்று எலும்புகளில் 5 டிகிரிக்கு மேல் அப்படி இருந்தால் ஷூயர்மன் என்று கணக்கு. அந்தப் பிள்ளையை எவ்வளவு அதட்டினாலும் நிமிர முடியாது, எலும்பே அப்படி. ஆசிரியர்கள்தான் நூற்றுக்கணக்கான முதுகுகளைத் தினமும் பார்ப்பவர்கள். உங்களைப் போன்றவர்கள் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கோபி வாய்க்கால்

நூல்கண்டு அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகள் நிற்கும் இடத்தைத் தாண்டி வந்தவள் நான். எனக்கு இப்போது 34 வயசு. 15-வது வயதில் 58 டிகிரியோடு அறுவை சிகிச்சை நடந்தது.

என் வளைவு யார் கண்ணிலும் படவில்லை. 12-ல் வயசுக்கு வந்தேன், திரட்டிச் சீர் செய்தார்கள், அதோடு பாவாடை சட்டை போய் தாவணி வந்தது. அதன் பிறகு என் முதுகை அம்மாகூடப் பார்த்ததில்லை. நானே தலைக்கு ஊற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன். எங்கள் வீடுகளில் அதுதானே வழக்கம்? பத்தாம் வகுப்பில் மூச்சு வாங்குகிறது என்று போனபோதுதான் டாக்டர் முதுகைத் திருப்பிப் பார்த்தார்.

ஆபரேஷன் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள், கால் விளங்காமல் போய்விடும் என்று. அந்த ஆபத்து முழுக்க இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிகக் குறைவு. ஆபரேஷன் நடக்கும்போதே தண்டுவடத்தில் செய்தி ஒழுங்காகப் போகிறதா என்று கருவி வைத்துக் கண்காணித்தார்கள். முள்ளெலும்புகளில் திருகாணி இறக்கி, இரண்டு பக்கமும் கம்பி மாட்டி, எலும்புத் துகள் வைத்து அந்தப் பகுதி ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்படி செய்வார்கள். முதல் நாலு நாள் வலி கடுமையாக இருந்தது. எழுந்து நின்றபோது அப்பா வாசல் நிலையைக் காட்டி, "ஒசந்துட்ட அம்மிணி" என்றார். 3 செ.மீ. கூடியிருந்தேன்.

இன்று தழும்பு கழுத்துக்குக் கீழிருந்து இடுப்புக்கு மேல் வரை ஒரு கோடாக இருக்கிறது. ஒட்டிய பகுதி வளையாது. கோலம் போடும்போது இடுப்பிலிருந்தும் முழங்காலிலிருந்தும் குனிகிறேன். தோட்டத்தில் களை எடுக்கிறேன், வண்டி ஓட்டுகிறேன். இரண்டு பிள்ளைகள். பிரசவத்தில் மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே எக்ஸ்ரே கேட்டார். முதுகில் ஊசி போட வேண்டுமே, அதற்காக. அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தபோதே அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இரண்டு இடம் போனது, மூன்றாவது இடம் நின்றது. உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். பிரிட்டன் இளவரசி யூஜினிக்கு 12 வயதில் இதே அறுவை சிகிச்சை நடந்தது. 2018-ல் தன் கல்யாணத்துக்கு அந்தத் தழும்பு தெரியும்படி முதுகு இறங்கிய உடை தைக்கச் சொல்லி அணிந்தார். உசேன் போல்ட்டுக்கும் இந்த வளைவு உண்டு.

ஆனால் உங்கள் மகளுக்கு 28-ல் கண்டுபிடித்திருக்கிறீர்கள். எனக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. பெல்ட்டைப் போட்டுவிடுங்கள் அக்கா.

பொள்ளாச்சி இளநீர்

எல்லோரும் பெல்ட், ஆபரேஷன் என்றே பேசுகிறீர்கள். என் மகளுக்கு 14 டிகிரி இருந்தது. ஒரு வருசம் தினமும் யோகா செய்தாள். இப்போது 10. மருந்தில்லை, பெல்ட்டில்லை. ஏன் இதை முதலில் முயலக் கூடாது?

பவானிக்கரை, ஈரோடு

அண்ணா, உங்கள் மகளுக்குக் குறைந்ததில் சந்தோசம். ஆனால் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். காப் கோணத்தை அளப்பதில் 5 டிகிரி வரை முன்னே பின்னே வரும். ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே வித்தியாசம் வரலாம். 14-ம் 10-ம் ஒரே அளவாக இருக்கலாம். 14 டிகிரியில் எதுவும் செய்யாமலே அப்படியே நின்றுவிடும் பிள்ளைகள்தான் அதிகம்.

உடற்பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், என் தொழிலே அதுதான். ஜெர்மனியில் காத்தரினா ஷ்ரோத் என்ற பெண், தனக்கே இருந்த வளைவுக்காக 1920-களில் உருவாக்கிய பயிற்சி முறை இருக்கிறது. அமுங்கிய பக்கத்துக்கு மூச்சைச் செலுத்தி விரிப்பது, முறுக்குக்கு எதிராகத் திருப்பி நிறுத்துவது. அவரவர் வளைவுக்கு ஏற்ப மாறும், அதனால் வீடியோ பார்த்துச் செய்வதில் பலன் இல்லை. ஆனால் வளர்ச்சி பாக்கியிருக்கும் 28 டிகிரியில் பயிற்சி பெல்ட்டுக்குத் துணைதான், பெல்ட்டுக்குப் பதில் அல்ல.

பொள்ளாச்சி இளநீர்

சரிங்க, அளவில் பிசகு இருக்கலாம். ஆனால் என் மகள் மூச்சு இழுத்து நிமிர்ந்து நடக்கிறாள், கூச்சப்படுவதில்லை. அது அளவில் வராது. நான் அதை விடச் சொல்ல மாட்டேன். அந்த அக்காவின் மகள் விஷயத்தில் வளர்ச்சி பாக்கி என்பது புரிகிறது.

அமராவதி, கரூர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இரண்டு பேர். அம்மாவுக்கு 67 வயசு, நாலைந்து வருசமாகக் கூன் விழுந்துகொண்டே வருகிறது, உயரமும் குறைந்துவிட்டது. இன்னொன்று, அண்ணன் மகனுக்கு 22 வயசு. மூன்று மாதமாக நடுமுதுகில் வலி. ராத்திரி தூங்க விடுவதில்லை. சாயந்திரம் மேல் சுடுகிறது, ஆள் இளைத்துவிட்டான். முதுகில் ஓர் எலும்பு மட்டும் முட்டு மாதிரி தள்ளித் தெரிகிறது. தறிப் பட்டறையில் வேலை என்பதால் அதனால் வந்த பிடிப்பு என்று பெல்ட் வாங்கிக் கட்டியிருக்கிறான். இவர்களுக்கும் இதே சிகிச்சையா?

பவானிக்கரை, ஈரோடு

அக்கா, அண்ணன் மகனை இந்த வாரமே கூட்டிப் போங்கள். கடையில் வாங்கிய பெல்ட்டைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

பதின்ம வயதில் வரும் ஸ்கோலியோசிஸ் பொதுவாக இப்படி வலிக்காது. ராத்திரி வலி, காய்ச்சல், எடை குறைவது, கூர்மையாக ஓர் எலும்பு தள்ளுவது, இவை சேர்ந்து வந்தால் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது முதுகெலும்புக் காசநோய். 1779-லேயே பெர்சிவல் பாட் என்ற ஆங்கில மருத்துவர் விவரித்தார், 'பாட்ஸ் நோய்' என்ற பெயர் அப்படி வந்தது. கிருமி எலும்பின் முன்பகுதியை அரித்துவிடுவதால் அது நொறுங்கி, முதுகு முன்னால் மடிகிறது. தண்டுவடத்தை அழுத்தினால் கால் பலம் போகும். நடையில் தள்ளாட்டம், கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது ஏதாவது வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடும். இருமல் இல்லையே, எப்படிக் காசநோய் என்று கேட்பார்கள். எலும்பில் இருந்தால் இருமல் வர வேண்டும் என்பதில்லை. மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், ஒரு வருசம் அல்லது அதற்கு மேலும் விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும். எங்கள் பக்கம் பெருந்துறையில் 'சானிடோரியம்' என்று இன்றும் சொல்கிற இடம் ஒரு காலத்தில் காசநோய் ஆஸ்பத்திரியாக இருந்ததுதான். நம் சனத்துக்குப் புதிய நோய் அல்ல இது.

அம்மாவுக்கு எலும்புத் தேய்மானமாக இருக்கலாம். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு அடர்த்தி குறைந்து, முள்ளெலும்புகள் ஒவ்வொன்றாக நசுங்கும். சிலருக்குத் தண்ணீர்க் குடம் தூக்கியதும் ஒரு நாள் பளிச்சென்று வலிக்கும், அத்தோடு கொஞ்சம் குனிந்துவிடுவார்கள். எலும்பு அடர்த்தி சோதனை எடுத்து மருந்து ஆரம்பித்தால் அடுத்த எலும்பு நசுங்குவதைக் குறைக்கலாம். வயசானால் கூன் விழும்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

வெள்ளகோவில்

இன்னொரு வகையும் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்குப் பிறவியிலேயே ஒரு முள்ளெலும்பு பாதிதான் உருவாகியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் செங்கல் வைத்த சுவர் மாதிரி சாய்ந்து வளர்ந்தது. இந்த வகையில் சிறுநீரகத்திலும் இதயத்திலும் குறை இருக்க வாய்ப்புண்டு என்று டாக்டர் ஸ்கேனும் எக்கோவும் எடுக்கச் சொன்னார். அவனுக்கு ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. சின்னக் குழந்தைக்கு முதுகு சாய்ந்திருந்தால் இதையும் கேட்டுவிடுங்கள். பணத்துக்குத் தயங்குபவர்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரை இருக்கிறது, ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரியுங்கள்.

மோகனூர் அம்மா

நூல்கண்டு தங்கச்சி, இத்தனை பேர் பேசியாகிவிட்டது, பெல்ட்டோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. என் மகள் இரண்டரை வருசம் போட்டாள். 31-ல் ஆரம்பித்தோம், கழற்றும்போது 33.

அளவெடுக்கும்போது கூடவே இருங்கள். பிளாஸ்டிக் கூடு, உள்ளே வளைவின் மேட்டில் அழுத்தும்படி பட்டை, எதிர்ப்பக்கம் காலியிடம். அந்தக் காலியிடம் முக்கியம், முதுகு நகர்ந்து போக அங்கேதான் இடம். போட்டுக்கொண்டு ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் வளைவு நன்றாகக் குறைந்து தெரிய வேண்டும், பாதிக்குப் பாதி குறைந்தால் நல்ல பொருத்தம் என்பார்கள். குறையவே இல்லை என்றால் பெல்ட்டைத் திருத்தச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

முதல் நாளே 18 மணி நேரம் என்று போகாதீர்கள். இரண்டு மணி, நாலு மணி என்று இரண்டு வாரத்தில் ஏற்றினோம். கழற்றியதும் தோல் சிவந்திருக்கும். அரை மணியில் மறைந்தால் பயமில்லை, மறையாமல் தடித்தாலோ புண்ணானாலோ உடனே காட்டுங்கள். பவுடர், எண்ணெய் போடாதீர்கள், வியர்வையோடு சேர்ந்து கட்டியாகிவிடும். எங்களுக்குப் பெரிய தலைவலி உள்ளே போடும் பனியன்தான். பக்கத் தையல் இருக்கும் இடத்தில் பெல்ட் அழுத்தி வரி வரியாகப் புண்ணாகிவிடும். திருப்பிப் போட்டும் பார்த்தோம், சரியாகவில்லை.

சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். விளையாட்டு நேரத்தில் கழற்றிவிடச் சொன்னார் டாக்டர். வகுப்பு டீச்சரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

மணிக்கணக்கில் மட்டும் ஏமாற்றக் கூடாது. என் மகள் பள்ளிக் கழிப்பறையில் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் இருந்திருக்கிறாள், ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. திட்டவில்லை. எந்த நேரம் கழற்றலாம் என்று அவளையே அட்டவணை போடச் சொன்னேன். அதன் பிறகு அவள் ஏமாற்றவில்லை.

பவானிக்கரை, ஈரோடு

அம்மா சொன்ன மணிக்கணக்குக்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், பெல்ட் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. போடாமல் கவனிக்கப்பட்டவர்களில் அது 48 சதவீதம். பெல்ட்டுக்குள் வெப்பத்தை உணரும் சின்னக் கருவி வைத்து எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்று அளந்தார்கள். சராசரியாக நாளைக்கு 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் தப்பித்தார்கள். பலன் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். டாக்டர் 18 சொன்னால் 18-க்கே முயலுங்கள். ஒரு நாள் 14 ஆகிவிட்டால் எல்லாம் போயிற்று என்று மனசு விடவும் வேண்டாம். அந்த ஆய்வில் 48 சதவீதம் பேர் பெல்ட் இல்லாமலே தப்பித்திருக்கிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. யார் அந்த 48-ல் இருப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை, சிக்கல் அதுதான்.

அமராவதி, கரூர்

அண்ணன் மகனுக்குக் காசநோய்தான் என்று உறுதியாகிவிட்டது. மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. கால் பலம் குறையவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தையில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லைங்க.

நூல்கண்டு, திருப்பூர்

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். நடுவில் எழுதாததற்கு மன்னியுங்கள், ஷிப்மென்ட் நேரம், வீட்டில் இந்த வேலை.

பெல்ட் போட்டு எடுத்த முதல் படத்தில் 15. போன வாரம் பெல்ட்டைக் கழற்றி ஒரு நாள் விட்டு எடுத்த படத்தில் 27. பிசியோ தம்பி சொன்னதை நினைத்துக்கொண்டேன், 28-ம் 27-ம் ஒன்றுதான். இந்த ஏழு மாதத்தில் 4 செ.மீ. வளர்ந்திருக்கிறாள், வயசுக்கும் வந்துவிட்டாள். அவ்வளவு வளர்ந்தும் வளைவு கூடவில்லை. இன்னும் ஒன்றரை, இரண்டு வருசம் இப்படியே போக வேண்டும் என்றார் டாக்டர்.

திரட்டிச் சீருக்குப் பெல்ட்டைக் கழற்றிவிடலாம் என்று மாமியார் கேட்டார். மூன்று மணி நேரம் கழற்றினோம். சீர் முடிந்ததும் மகளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். மாமியார் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ராத்திரியில் பின்பக்கப் பட்டையை இழுத்து மாட்டிவிடுவது இப்போது அவர்தான். கோபி தங்கச்சி எழுதியதை வாசித்துக் காட்டியது வீண் போகவில்லை.

மோகனூர் அக்கா சொன்ன பனியன் பிரச்சினையை நான் விடவில்லை. எங்கள் ஊரில் பாடி சைஸ் நிட்டிங் மிஷினில் துணி குழாயாகவே இறங்கும், பக்கத்தில் வெட்டித் தைக்க வேண்டியதே இல்லை. தெரிந்த நிட்டிங் யூனிட்டில் சின்ன விட்டத்தில் ஓடிய காட்டன் ரிப் துணி மூன்று கிலோ வாங்கினேன். தோளில் மட்டும் தையல், அதையும் பெல்ட் படாத இடத்துக்கு மேலே ஏற்றிவிட்டேன். அக்குளில் பட்டி வைக்காமல் மடித்து விட்டேன். நீளம் இடுப்புக்குக் கீழே நாலு அங்குலம், மேலே இழுத்தால் சுருக்கம் விழாது. ஒரு நாளைக்கு மூன்று மாற்றுகிறாள். இந்தச் சித்திரை வெயிலிலும் புண் வரவில்லை.

யாருக்காவது வேண்டுமென்றால் பிள்ளையின் மார்புச் சுற்றளவு, பெல்ட்டின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை உயரம், இரண்டையும் அங்குலத்தில் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். முதுகு நீளத்தை இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுத்து அனுப்புங்கள். ஒரே அளவு என்று நினைத்து ஒரு பக்கம் மட்டும் எடுக்காதீர்கள்.

சின்னவளுக்கு 9 வயசு. மாதம் ஒரு தடவை தலைக்கு ஊற்றும்போது அவள் முதுகையும் பார்க்கிறேன். இதுவரை சமமாகத்தான் இருக்கிறது.